முதலில் தொட்டியை வரைய வேண்டும்

மூன்று ஆண்டுகளாக ஒரு விண்கலத்தை மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் எழுதிவரும் நெடுங்கதையில் வரும் கலம் அது. பூமியைத் தாழ்வாகச் சுற்றிவரும் பாதையில் ஆறு பேரை ஏற்றிக்கொள்ளும். நிலவின் சுற்றுப்பாதைக்குப் போய் அவர்களை இறக்கிவிடும். அங்கே காத்திருக்கும் வேறு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பும். திரும்பும்போது காற்றுமண்டலத்தில் உரசி வேகத்தைத் தணிக்கும் வழி அதற்குக் கிடையாது. கிளம்புவது, நிற்பது, மறுபடி கிளம்புவது, மறுபடி நிற்பது என்று நான்கையும் எஞ்சினே செய்தாக வேண்டும்.

முதலில் நான் வரைந்த படத்தில் அழகான அறைகள் இருந்தன, நீள்வட்டச் சன்னல்கள் இருந்தன. கடைசியில் எஞ்சின். அறைகளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி வரைந்து ‘எரிபொருள்’ என்று எழுதியிருந்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் விமானி அளவுமானியைப் பார்த்து, மீதம் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. எந்த எண்ணைச் சொல்வாள்? எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்த எண்ணைப் போட மனம் ஒப்பவில்லை. ஆறு பேரின் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு எக்செல்லைத் திறந்தேன். அங்கிருந்து திரும்பி வந்தபோது கலத்தின் உருவமே மாறியிருந்தது, கதையும் கூடவே மாறியிருந்தது. கற்பனைக் கலம் ஒன்றை வடிவமைக்க நினைக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு எட்டாத ஒன்றல்ல. பள்ளியில் படித்த மடக்கையும் அடர்த்தியும் போதும்.

தொடங்க வேண்டிய இடம் ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு. ஒரு ராக்கெட் தன் வேகத்தை எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அது சொல்கிறது. அந்த வேக மாற்றத்துக்கு டெல்டா-வி என்று பெயர்.

டெல்டா-வி = வெளியேற்ற வேகம் × இயல் மடக்கை (கிளம்பும்போது இருக்கும் நிறை ÷ எரித்து முடித்தபின் மிஞ்சும் நிறை)

வெளியேற்ற வேகம் என்பது எஞ்சினின் பின்னால் வாயு பாயும் வேகம். எஞ்சின் விவரங்களில் இதை நேராகத் தர மாட்டார்கள். ஐ.எஸ்.பி. என்று நொடிகளில் ஓர் எண் இருக்கும், அதை 9.80665-ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கிடைத்துவிடும். ஹைட்ரஜன் எஞ்சினுக்கு வெற்றிடத்தில் 450 நொடி என்று வைத்தேன். அமெரிக்க விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) முதன்மை எஞ்சின்கள் 452 நொடி எட்டியவை, ஆகையால் இது பேராசை இல்லை. 450-ஐப் பெருக்கினால் நொடிக்கு 4,413 மீட்டர்.

அடுத்து, பயணத்துக்கு எவ்வளவு வேக மாற்றம் தேவை? தாழ்வட்டப் பாதையிலிருந்து நிலவை நோக்கிக் கிளம்ப நொடிக்கு ஏறக்குறைய 3.1 கிலோமீட்டர், நிலவருகே வேகம் தணித்துச் சுற்றுப்பாதையில் நிற்க ஏறக்குறைய 0.9. மொத்தம் 4. திரும்பி வரவும் அதே 4. ஆக, போக வர நொடிக்கு 8 கிலோமீட்டர். அறைகள், எஞ்சின், சட்டகம், ஆட்கள், சாமான்கள் என எரியாத எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 டன் என்று வைத்துக்கொண்டேன்.

8,000-ஐ 4,413-ஆல் வகுத்தால் 1.813. இயல் மடக்கையின் அடிமானமான 2.718 என்ற எண்ணை அத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் 6.13. கிளம்பும்போது கலம் முடிவு நிறையைப் போல 6.13 மடங்கு இருக்க வேண்டும் என்று பொருள். அதாவது 40 டன் கலத்துக்கு 205 டன் உந்துபொருள், எரிபொருளும் அதை எரிக்கும் ஆக்சிஜனும் சேர்த்து.

விடை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த 205 டன்னை எதில் வைப்பது என்ற கேள்வி பிறகுதான் வந்தது. தொட்டிக்கும் எடை உண்டு. உந்துபொருளின் நிறையில் 5 சதவீதம் தொட்டிக்கு என்று எடுத்துக்கொண்டேன். விண்ணோடத்தின் வயிற்றோடு ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறத் தொட்டியைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். அதன் கடைசி வடிவம் வெறுமையாக 26.5 டன் எடைதான், ஆனால் 735 டன்னைச் சுமந்தது. அதாவது 3.6 சதவீதம். முதல் இரண்டு பயணங்களில் அந்தத் தொட்டிக்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சாயத்தின் எடையே சுமார் 270 கிலோ. அப்படி ஒவ்வொரு கிலோவாகச் சுரண்டியவர்களுக்கே 3.6 என்றால், மாதக்கணக்கில் விண்வெளியில் இருக்கப்போகும் என் கலத்துக்கு, குளிர் காக்கும் போர்வைகளையும் சேர்த்து 5 என்பது நியாயமாகப் பட்டது.

205 டன்னுக்கு 5 சதவீதம் என்றால் 10 டன் தொட்டி. இப்போது கலம் 40 டன் இல்லை, 50 டன். 50 டன்னைத் தள்ள 258 டன் வேண்டும். 258 டன்னைக் கொள்ள 13 டன் தொட்டி வேண்டும். கலம் 53 டன். அதற்கு 271 டன் வேண்டும். எக்செல்லில் ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டே போனேன்: 205, 258, 271, 275, கடைசியில் 276-இல் வந்து நின்றது. தொட்டி என்ற ஒரு சொல்லை மறந்ததற்கு 71 டன். அந்த எண்கள் ஒன்றையொன்று துரத்தி, தளர்ந்து, ஓரிடத்தில் அமைதியாவதைப் பார்த்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. அதுவரை என் மனதில் படமாக மட்டும் இருந்த கலம் அன்றைக்குத்தான் எடையுள்ள ஒரு பொருளாயிற்று.

இதை ஒரே வரியிலும் போட்டுவிடலாம். விகிதம் என்பது அந்த 6.13: (விகிதம் கழித்தல் 1) × 40, அதை [1 கழித்தல் 0.05 × (விகிதம் கழித்தல் 1)] என்பதால் வகுத்தால் நேராக 276. ஆனால் முதல் முறை வரி வரியாகவே செய்து பாருங்கள்.

இனி கனஅளவு. என் கலத்தைப் புரட்டிப் போட்டது இதுதான்.

ஹைட்ரஜன் எஞ்சினுக்குள் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஆறு பங்கு ஆக்சிஜன் போகிறது. இது நிறைக்கணக்கு. முழுமையாக எரிய எட்டுப் பங்கு வேண்டும். ஆனாலும் ஹைட்ரஜனைக் கொஞ்சம் மிச்சம் விடுகிறார்கள், வெளியேறும் வாயு இலேசாக இருந்தால் வேகமாகப் பாயும் என்பதால். 276 டன்னில் ஏழில் ஆறு பங்கு, ஏறக்குறைய 236 டன் ஆக்சிஜன். மீதி 39 டன்னும் கொஞ்சமும் ஹைட்ரஜன்.

இங்கே ஒரு தவறு செய்தேன், பலரும் செய்யக்கூடியது என்பதால் சொல்கிறேன். திரவ ஆக்சிஜனின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,141 கிலோ, திரவ ஹைட்ரஜனுடையது 71 கிலோ. ஆறு பங்கு அது, ஒரு பங்கு இது என்று சராசரி போட்டேன். 988 கிலோ வந்தது. கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. 276 டன்னுக்கு 279 கனமீட்டர் போதும் என்று முடித்துவிட்டு, பெரிய நிம்மதியோடு தொட்டியை வரைந்தும் விட்டேன்.

அடர்த்திகளை அப்படிச் சராசரி போடக் கூடாது. ஒவ்வொரு திரவத்தின் நிறையையும் அதனதன் அடர்த்தியால் வகுத்து, கிடைக்கும் கனஅளவுகளைத்தான் கூட்ட வேண்டும். ஆக்சிஜன் 236 டன் வகுத்தல் 1.141, அது 207 கனமீட்டர். ஹைட்ரஜன் 39.4 டன் வகுத்தல் 0.071, அது 555 கனமீட்டர். மொத்தம் 762. இரண்டும் சேர்ந்த கலவையின் உண்மையான அடர்த்தி கனமீட்டருக்கு 362 கிலோதான். எடையில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் ஹைட்ரஜன், இடத்தில் நான்கில் மூன்று பங்கைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எந்த ராக்கெட் படத்தைப் பார்த்தாலும் வேறு மாதிரி தெரியும். அந்த ஆரஞ்சுத் தொட்டியில் மேலே கூம்பி இருந்த சிறு பகுதி ஆக்சிஜனுக்கு, 553 கனமீட்டர். கீழே நீண்டு கிடந்த பெரும்பகுதி ஹைட்ரஜனுக்கு, 1,497 கனமீட்டர். ஆனால் எடை? மேலே 629 டன், கீழே 106 டன்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. திரவம் கொஞ்சம் சூடாகி விரிந்தால் போக இடம் வேண்டும், அழுத்தம் கொடுக்கும் வாயுவுக்கும் இடம் வேண்டும். 5 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தேன்: ஹைட்ரஜனுக்கு 583, ஆக்சிஜனுக்கு 218 கனமீட்டர். கோளமாகச் செய்தால் ஒன்று 10.4 மீட்டர் விட்டம், இன்னொன்று 7.5 மீட்டர். கலம் ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்து 6 மீட்டர் விட்டமுள்ள உருளையாக, இரு முனையும் அரைக்கோளமாக வைத்துப் பார்த்தேன். ஹைட்ரஜன் தொட்டி 22.6 மீட்டர் நீளம், ஆக்சிஜன் தொட்டி 9.7 மீட்டர். ஆறு பேர் வாழும் அறைக்கு நான் ஒதுக்கியிருந்தது 8 மீட்டர் நீளம். எட்டு மீட்டர் வீட்டுக்கு முப்பத்திரண்டு மீட்டர் தொட்டி!

பழைய படத்தைக் கிழித்தேன். புதிய படத்தில் அறை என்பது நீண்ட தண்டின் நுனியில் ஒட்டிய ஒரு மொட்டு. சன்னல் வழியே பின்னால் பார்க்கும் யாருக்கும் வெள்ளைப் போர்வை போர்த்திய தொட்டிதான் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கதையில் ஒரு சிறுமி சன்னலில் பூமியைத் தேடும் காட்சி இருந்தது. கலம் நிலவை நோக்கிப் போகும்போது பூமி பின்னால் இருக்கிறது, தொட்டி மறைக்கிறது. அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். கலம் திரும்பி நிற்கும்வரை அவள் காத்திருக்கிறாள். எழுதியதில் எனக்குப் பிடித்த பக்கம் இன்று அதுதான்.

ஹைட்ரஜன் இவ்வளவு இடத்தைத் தின்கிறதே, மீத்தேன் வைத்தால் என்ன என்று அடுத்துப் பார்த்தேன். ஐ.எஸ்.பி. 370 நொடி, மீத்தேனுக்கு 3.6 பங்கு ஆக்சிஜன், மீத்தேனின் அடர்த்தி 422 கிலோ. அடர்த்தி கூடுதல் என்பதால் தொட்டிக்கு 3 சதவீதம் போதும் என்று வைத்தேன். உந்துபொருள் 426 டன்னுக்கு ஏறிவிட்டது. ஹைட்ரஜனைவிட 150 டன் அதிகம். ஆனால் கனஅளவு 512 கனமீட்டர்தான். எடை ஒன்றரை மடங்கு, இடம் மூன்றில் இரண்டு. அதே 6 மீட்டர் விட்டத்தில் தொட்டிகளின் நீளம் 23 மீட்டராகக் குறைகிறது, அதுவும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. திரவ மீத்தேன் மைனஸ் 161 டிகிரி, ஆக்சிஜன் மைனஸ் 183. இரண்டும் ஏறக்குறைய ஒரே குளிர் என்பதால் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஹைட்ரஜன் மைனஸ் 253, பக்கத்தில் நெருங்கினால் ஆக்சிஜனையே உறைய வைத்துவிடும். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் இரண்டுக்கும் பொதுவான ஒரே சுவர் வைத்து 3.6 டன் மிச்சப்படுத்தினார்கள், ஆனால் அந்தச் சுவருக்குள் குளிர் காக்கும் அடுக்கு வைத்துத்தான் அதைச் சாதித்தார்கள்.

மூன்றாவதாக, தொட்டவுடன் தானே தீப்பற்றும் ஜோடி: நைட்ரஜன் டெட்ராக்சைடும் மோனோமெத்தில் ஹைட்ரசினும். சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும், ஆவியாகித் தொலையாது, வருடக்கணக்கில் காத்திருக்கும். ஐ.எஸ்.பி. 316 என்று போட்டால் என் பயணத்துக்கு 771 டன் வருகிறது. அவ்வளவு அடர்த்தியாக இருந்தும் மொத்தம் 664 கனமீட்டர், மீத்தேனைவிடப் பெரிது. என் கலத்துக்கு இது ஆகாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சிறு அழகு கிடைத்தது. இந்த ஜோடியை வழக்கமாக 1.65-க்கு 1 என்ற விகிதத்தில் எரிக்கிறார்கள். ஒன்றின் அடர்த்தி ஏறக்குறைய 1,440, மற்றதன் அடர்த்தி ஏறக்குறைய 880. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண், 1.64. இரண்டு தொட்டிகளும் ஒரே அளவாக அமைந்துவிடும், ஒரே அச்சில் இரண்டையும் செய்துகொள்ளலாம். விண்ணோடத்தின் சுற்றுப்பாதை எஞ்சின்கள் இந்த விகிதத்தில்தான் எரிந்தன. கதையில் வரும் சிறு இறங்குகலத்துக்கு இரட்டைத் தொட்டி வைத்தது இதனால்தான்.

கடைசியில் ஹைட்ரஜனையே வைத்துக்கொண்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எழுதுபவர்களுக்கு உதவும் இன்னொரு விஷயம். எடையற்ற நிலையில் தொட்டிக்குள் திரவம் அடியில் தங்காது, குமிழும் திரவமுமாகக் கலந்து மிதக்கும். அப்படியே எஞ்சினைத் திறந்தால் குழாயில் வாயு போய்விடும். அதனால் முதலில் சின்ன எஞ்சின்களை வைத்துக் கலத்தை மெல்லத் தள்ளி, திரவத்தை அடிக்குக் கொண்டுவர வேண்டும். சாட்டர்ன் 5-இன் மூன்றாம் அடுக்கு அதைத்தான் செய்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மிதந்துகொண்டிருந்த பேனா, கையேடு, அவிழ்ந்த வார் எல்லாம் சத்தமில்லாமல் பின்சுவரை நோக்கி நகரத் தொடங்கும். சில நொடிகள் கழித்துப் பெரிய எஞ்சின் உதைக்கும். அந்தச் சில நொடிகளை நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆவியாகும் இழப்பைப் பற்றிச் சுருக்கமாக: வெப்பம் தொட்டியின் பரப்பு வழியாக நுழைகிறது, திரவம் கனஅளவில் இருக்கிறது. எட்டு மடங்கு கொள்ளும் தொட்டிக்குப் பரப்பு நான்கு மடங்குதான். ஆகவே பெரிய தொட்டி சதவீதக் கணக்கில் குறைவாக இழக்கும். சிறு கலத்தில் ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருக்கும் கதாபாத்திரத்தை எழுதினால், குளிரூட்டும் கருவிக்கும் மின்சாரத்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயத்துக்குத் திரும்புகிறேன். என் முதல் வரைவில், வழியில் பழுதான இன்னொரு கலத்தைக் காப்பாற்ற விமானி பாதையை மாற்றுவாள். கொஞ்சம் கூடுதல் எரிபொருள் செலவாகும், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தேன். அந்த வளைவுக்கு நொடிக்கு 1 கிலோமீட்டர் கூடுதல் என்று போட்டுப் பார்த்தேன். 8-க்குப் பதில் 9. உந்துபொருள் 276 டன்னிலிருந்து 402 டன்னாகிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு 126 டன். கலத்தில் இல்லாத 126 டன். 5 சதவீதத் தொட்டியோடு இந்தக் கணக்கை இழுத்துக்கொண்டே போனால் நொடிக்கு 13.4 கிலோமீட்டரில், அந்த ஒரே வரிக் கணக்கில் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய கலம் கட்டினாலும், ஒரே அடுக்கில், அதாவது காலியான தொட்டியை வழியில் கழற்றிவிடாமல், போய்ச்சேர முடியாது. தொட்டி தன்னைத்தானே சுமக்கவே சரியாக இருக்கும்.

விமானி இப்போது பாதையை மாற்றுவதில்லை. அந்தக் கலத்தின் குரல் வானொலியில் கேட்கிறது, அவள் திரையில் இருக்கும் எண்ணைப் பார்க்கிறாள், பக்கத்தில் இருப்பவரிடம் அந்த எண்ணை மட்டும் சொல்கிறாள். காப்பாற்றும் காட்சியைவிட இதை எழுதுவது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் இதுதான் உண்மை.

பிறகு வேறொரு கேள்வியைப் போட்டுப் பார்த்தேன்: திரும்புவதற்கான உந்துபொருளைக் கூடவே சுமக்காமல் நிலவருகே நிரப்பிக்கொண்டால்? 8-க்குப் பதில் ஒவ்வொரு தடவையும் 4 கிலோமீட்டர். தேவை 276 டன் இல்லை, 64 டன். பாதியாகும் என்று எதிர்பார்த்தேன், நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மடக்கை இப்படித்தான் வேலை செய்கிறது. கலம் சட்டென்று சிறுத்து, நான் முதலில் வரைந்த படத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது. அந்தச் சன்னல்கள் மறுபடி கிடைத்தன. சிறுமி காத்திருக்கும் பக்கத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. தொட்டி சிறுத்தாலும் பின்பக்கம் இன்னும் தொட்டிதான்.

ஹைட்ரஜனை வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நிலவின் தென்துருவத்தருகே, கேபியஸ் பள்ளத்தில் நிரந்தர நிழலில் கிடக்கும் பகுதியில் 2009-இல் ராக்கெட்டின் ஓர் அடுக்கை மோதவிட்டு, எழுந்த தூசியில் தண்ணீர் இருப்பதைக் கண்டார்கள். தண்ணீர் இருந்தால் அதைப் பிளந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடுக்கலாம். என் கதையில் அங்கே ஒரு நிலையம் வந்தது. அதில் வேலை செய்பவர்கள் வந்தார்கள். அவர்கள் இல்லாமல் கலம் வீடு திரும்பாது என்பதால், அவர்கள் சொல்வதைப் பூமியில் இருப்பவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் வந்தது.

இன்னும் ஒரு வகுத்தல் பாக்கி இருந்தது. தண்ணீரைப் பிளந்தால் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. எஞ்சின் கேட்பது ஆறு பங்கு. 64 டன் நிரப்ப 9.1 டன் ஹைட்ரஜன் வேண்டும், அதற்கு 82 டன் தண்ணீரைப் பிளக்க வேண்டும். கிடைப்பது 73 டன் ஆக்சிஜன், கலத்துக்குப் போவது 55 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு முறை கலத்தை நிரப்பும்போதும் 18 டன் ஆக்சிஜன் கேட்பாரற்று மிஞ்சுகிறது. ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுவாசிக்க 0.84 கிலோ போதும். அந்த 18 டன், ஆறு பேருக்கு ஏறக்குறைய பத்து வருட மூச்சு. திரவமாக வைத்தால் 16 கனமீட்டர், 3 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான விட்டமுள்ள ஒரே ஒரு பந்து.

நிலையத்தின் வெளிப்புறத்தில் அந்தப் பந்தை வரைந்து வைத்திருக்கிறேன். முதல் கலம் நிரம்பிக் கிளம்பிய மறுநாள், நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண் அதன் அளவுமானியைப் படிக்கிறாள். குறிப்பேட்டில் எண்ணை எழுதுகிறாள். அந்த எண்ணைப் பூமிக்குச் சொல்லவில்லை. பதினோராம் அத்தியாயம் அங்கே நிற்கிறது.